ஒரே துப்பாக்கி, எதை வாங்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

ஏற்காட்டில் 12 ஏக்கர் காப்பித் தோட்டம், வீடும் தோட்டத்துக்குள்ளேயே தனியாக இருக்கிறது. உரிமம் கிடைத்தால் ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கப்போகிறேன். காவலுக்கு, சத்தம் கொடுத்து விலங்குகளை விரட்ட, எப்போதாவது கிளப்பில் சுட என்று எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி எதை வாங்கலாம்? ரைஃபிளா, ரிவால்வரா, டபுள் பேரலா?
– வாசகர், ஏற்காடு

டபுள் பேரல். 12 போர் (குழல் அகலத்தின் கணக்கு), பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல், இரண்டு விசை, 70 மி.மீ. சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்). உரிமப் புத்தகத்தில் டி.பி.பி.எல். (டபுள் பேரல் பிரீச் லோடிங், பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல்) என்று எழுதுவார்களே, அதுதான்.

இதன் பலம் துப்பாக்கியில் இருப்பதைவிடத் தோட்டாவில்தான் அதிகம். ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே வகைக் குண்டை ஒரே விதமாக அனுப்பும். 12 போரில் தோட்டாவை மாற்றினால் வேலையே மாறிவிடும். 32 கிராம் எடையுள்ள 6-ஆம் நம்பர் தோட்டாவில் 2.6 மி.மீ. ரவை (சின்ன ஈயக் குண்டு) சுமார் 300 இருக்கும். அதே 32 கிராமில் எஸ்.ஜி. தோட்டா என்றால் 8.4 மி.மீ. குண்டு ஒன்பதுதான். கிளப்பில் களிமண் தட்டு சுட 7 அல்லது 8, தோட்டத்தில் 4 அல்லது 6, காவலுக்கு எஸ்.ஜி. இந்த மூன்று வகை இருந்தால் போதும். நம் நாட்டில் நம்பர்கள் ஆங்கிலேய வழக்கப்படி. அமெரிக்கத் தோட்டாவில் அதே 6 கொஞ்சம் பெரிய ரவை. பெட்டியில் மி.மீ. கணக்கு இருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது காரணம், சுட்டது எங்கே போய் விழும் என்பது. 6-ஆம் நம்பர் ரவை 200 மீட்டர் தாண்டினால் பெரிது. எஸ்.ஜி. குண்டு 600 மீட்டருக்கு மேல் போகும். .22 ரைஃபிளின் சிறு குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். .315 ரைஃபிள் அதற்கும் மேல். தமிழ்நாட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு ஆள் இல்லாத இடம் எது, சொல்லுங்கள்! மேட்டிலிருந்து கீழ்நோக்கித்தான் சுடுகிறேன் என்பவர்களும் பாறையில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு விசை கேட்டதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான துப்பாக்கிகளில் முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. வலது குழலின் வாய் சற்று அகலமாகவும் இடது சற்று இறுக்கமாகவும் இருக்கும். இந்த இறுக்கத்தைத்தான் சோக் என்கிறார்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்பதுதான் சோக்கின் அளவுகோல். இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்றால் சுமார் 50 சதவீதம், ஹாஃப் சோக் 60, ஃபுல் சோக் 70. உங்களுக்கு வலது இம்ப்ரூவ்டு, இடது ஹாஃப் பொருந்தும். ஒரு பக்கத்து ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசி) முறிந்தாலும் இன்னொரு பக்கம் வேலை செய்யும். ஒரே உறைக்குள் இரண்டு துப்பாக்கி வைத்திருப்பது மாதிரி.

பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 12 போர் பம்ப் செய்கிறது. ஆனால் ஆண்டுக்கு நாலு முறை மட்டும் கையில் எடுப்பவருக்கு அதில் இரண்டு சங்கடம். பதற்றத்தில் முன்கட்டையைப் பாதி இழுத்துத் தள்ளினால் காலி ஓடு வெளியே விழாமல் சிக்கிக்கொள்ளும். அடுத்தது, சேம்பர் காலியாகத் தெரியும். அடியிலுள்ள குழாயில் தோட்டா உட்கார்ந்திருக்கும். டபுள் பேரலை மடக்கித் திறந்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரு பார்வையில் தெரியும். பூட்டி வைத்து எப்போதாவது எடுக்கும் துப்பாக்கிக்கு இதைவிட முக்கியமான குணம் எதுவும் இல்லை.

வாங்கும்போது தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தைப் பாருங்கள். காலியான துப்பாக்கியைச் சுவரில் ஒரு புள்ளியை நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டை நேராகத் தெரிய வேண்டும். ஏற்றும்போதே அக்குளில் தட்டினால் கட்டை நீளம். பெருவிரல் மூக்கில் இடித்தால் குட்டை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டை முனைவரை 36 செ.மீ. அளவில் இருக்கும். ஐந்தரை அடி ஆளுக்கு ஒன்றிரண்டு செ.மீ. குறைத்தால்தான் சரிப்படும். அதை மரவேலை தெரிந்த உரிமம் பெற்ற துப்பாக்கி ரிப்பேர்க்காரர் செய்யட்டும், வீட்டுத் தச்சர் அல்ல.

காவல் விஷயத்தில் இன்னொன்று. ரவை விரிந்து போகும், குறி பார்க்கவே வேண்டாம் என்பது சினிமாக் கதை. வீட்டுக்குள் 5 மீட்டரில் அது ஓர் உள்ளங்கை அகலம்தான் விரியும். தப்பினால் மொத்தமாகத் தப்பும், பட்டால் மொத்தமாகப் படும். எஸ்.ஜி. குண்டை ஓடு, தகரம், பலகைத் தடுப்பு எதுவும் நிறுத்தாது. எந்த அறைக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று பகலிலேயே யோசித்து வையுங்கள்.

வியாபாரம் செய்கிறேன், பணத்தோடு போக வர இருக்கிறது. ஒன்றே ஒன்று என்றால் .32 ரிவால்வர்தானே சரி?
– வாசகர், திருப்பூர்

கூடவே கொண்டுபோக வேண்டும் என்பது மட்டுமே தேவை என்றால் ஆம். டபுள் பேரலை இடுப்பில் செருக முடியாது. கான்பூரில் தயாராகி 2014-இல் வந்த நிர்பீக் ரிவால்வர் 500 கிராம்தான்.

ஆனால் எல்லாத் தேவைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். சின்னக் குழல், சின்னப் பிடி, குறி பார்க்கும் முன் முள்ளுக்கும் பின் பிளவுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. பழக்கமில்லாத கையில் 10 மீட்டரில் ஆள் உயரப் பலகையே தப்பும். மாதம் ஒருமுறையாவது ரேஞ்சில் சுட்டால்தான் கை பழகும். உரிமத்தில் எழுதியிருக்கும் தோட்டா எண்ணிக்கையும் தோட்டா விலையும் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் அது காகித எடைக்கல்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆபத்து இருக்கும் வரைதான், ஆபத்துக்குத் தக்க அளவுக்குத்தான் அந்த உரிமை. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் வழக்கு உங்கள் மேல். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதும் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டால் நாட்டுத் துப்பாக்கிதான் கொடுப்பார்களா? காட்டுப் பன்றியைச் சுடலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 13 பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. நீங்கள் சொல்லும் நாட்டுத் துப்பாக்கி அதுதான், உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்பார்கள். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள 12 போர் மாதிரித் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். மனுவிலேயே ஏன் போதாது என்று காரணத்தோடு எழுதுங்கள்.

பன்றியைச் சுடக் கூடாது. உரிமம் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான், வேட்டைக்கு அல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணையிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் அனுமதி வனத்துறையினருக்குத்தான், விவசாயிக்கு இல்லை. உங்கள் துப்பாக்கியால் ஆவது சத்தம் மட்டுமே.

நாட்டுத் துப்பாக்கி கிடைத்தால் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். காலிக் குழலில் கிட்டிக் கம்பியை இறக்கி, வாயருகே கம்பியில் ஒரு கோடு போடுங்கள். மருந்தும் ரவையும் சரியான அளவில் இறக்கிய பிறகு இன்னொரு கோடு. ஒவ்வொரு முறையும் கம்பி இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் ஏற்கெனவே மருந்து இருக்கிறது, நீங்கள் இரண்டாம் முறை போட்டுவிட்டீர்கள். நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கை போனவர்களில் பலருக்கு இதுதான் காரணம். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெய் போடுங்கள். எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்தால் ஒரே வாரத்தில் துரு.

தாத்தாவின் இங்கிலாந்து டபுள் பேரல் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அந்த ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா? புதிது வாங்குவது மேலா?
– வாசகர், காரைக்குடி

முதலில் சட்டம். உரிமதாரர் இறந்த அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கச் சட்டம் இடம் தராது. ஆயுதச் சட்டம் பிரிவு 21-இன்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தைவிடக் கடையில் பராமரிப்பு நன்றாக இருக்கும், வாடகை கொடுக்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பியுங்கள். கமிஷனர் உள்ள நகரமானால் கமிஷனரிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கிப் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

அடுத்தது துப்பாக்கி. குழல்களைக் கழற்றி அடிப்பக்கம் திருப்புங்கள். அங்கே 2½ என்றோ 65 என்றோ முத்திரை இருந்தால் சேம்பர் 65 மி.மீ.; 2¾ அல்லது 70 என்றால் 70 மி.மீ. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 65. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. சேம்பரில் சிரமமில்லாமல் நுழைந்து மூடிக்கொள்ளும். ஏனென்றால் 70 என்பது சுட்டபின் மடிப்பு விரிந்த ஓட்டின் நீளம். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் முட்டும், அழுத்தம் ஏறும். உடனே வெடிக்காது, ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் பூட்டு தளர்ந்துகொண்டே வரும். உங்களுக்கு 65 மி.மீ. தோட்டா மட்டுமே. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான்” என்பார், கேட்காதீர்கள்.

குழலின் மேல் சுருள் சுருளாக மரவைரம் போலக் கோலம் தெரிகிறதா? அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்தது. கரிமருந்துக் காலத்துச் சரக்கு. அலமாரியில் அழகாக இருக்கும், சுடுவதற்கு வேண்டாம்.

எஃகுக் குழல் என்றால் நான்கு சோதனை. முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கடகட என்றால் பூட்டு தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலின் பின்முகத்துக்கும் அதை மூடும் தட்டுக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது. குழல்களை மட்டும் கொக்கியிலிருந்து விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். மணிபோல ஓசை வந்தால் நல்லது, சிலம்பல் கேட்டால் நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. கடைசியாக, குழலுக்குள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுழற்றுங்கள். நிழல் வளையம் எங்கேயாவது உடைந்தால் அங்கே நசுங்கலோ வீக்கமோ இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத நசுங்கல்கூட இதில் தெரிந்துவிடும்.

இந்த நான்கிலும் தேறினால் தாத்தாவின் துப்பாக்கியையே வைத்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாகக் கிடைக்கும் பலவற்றைவிட அது கைக்கு இலகுவாக இருக்கும். தேறாவிட்டால் விற்றுவிடலாம், உரிமம் உள்ள தனிநபருக்கு விற்பதானால் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். காலித் துப்பாக்கியின் விசையை இழுத்து இழுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பழைய ஸ்ட்ரைக்கர் முறியும். அதே அளவில் மாற்று கிடைக்காது, கடைந்துதான் செய்ய வேண்டும்.

கடலோர ஊர். எத்தனை துடைத்தாலும் துரு. தேங்காய் எண்ணெய் போடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

கூடாது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும். மற்ற மாதங்களில் காற்றுப் பட்டுப் பிசினாகும். பூட்டுக்குள் போனால் விசை இழுத்த பிறகு சுத்தியல் தயங்கி விழும். தையல் மிஷின் எண்ணெய் மேல்.

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் உறைதான். தோல் உறையும் கம்பளித் துணியும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையிலிருந்து எடுத்து இரும்பு அலமாரியில் நிறுத்துங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை வையுங்கள், நீல நிறம் மாறினால் சூடாக்கிக் காயவையுங்கள். தோட்டாக்கள் வேறு பூட்டில். எண்ணெய் போட்ட முதல் நாள் குழல் வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். மேலே பார்க்க நின்றால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலை ஊறி, மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். தொட்ட இடத்தில் கைரேகையாகவே துரு ஏறும், அதனால் கடைசித் துடைப்பு எண்ணெய்த் துணியால், கை படாமல்.

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய தோட்டாக்கள் இருக்கின்றன. போடலாமா?
– வாசகர், கூடலூர்

ஓடு வீங்கி சேம்பரில் அழுத்தினால்தான் போகிறது என்றாலோ, பின்புறக் கேப்பில் பச்சை பூத்திருந்தாலோ வேண்டாம். மற்றவை ஆகும்.

விசை இழுத்தும் சுடவில்லை என்றால் அப்படியே ஆபத்தில்லாத பக்கம் பிடித்து அரை நிமிடம் எண்ணிய பிறகு திறங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். அதைவிட மோசம் ‘பொத்’ என்ற மங்கிய சத்தம். மருந்து சரியாக எரியாமல், தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவிலிருந்த அடைப்பான் குழலிலேயே நின்றிருக்கலாம். திறந்து, குழல் வழியாக வானத்தைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். 20 போர் தோட்டாவும் வீட்டில் இருந்தால் தனியாக வையுங்கள். அது 12 போர் சேம்பருக்குள் வழுக்கிப் போய்க் குழலில் நிற்கும். பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறிவிடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

குழலைக் கொஞ்சம் வெட்டினால் கைக்கு அடக்கமாக இருக்குமே?
– வாசகர், ஓசூர்

குறைந்தது 7 ஆண்டு சிறை. தவிர, சோக் இருப்பதே குழலின் கடைசிச் சில சென்டிமீட்டரில்தான்.

இங்கே வடக்கு ஒன்டாரியோவில் ஏரிக்கரையில் ஒரு கேபின் வாங்கியிருக்கிறோம். கரடி நடமாட்டம் உண்டு, இலையுதிர் காலத்தில் வாத்து சுடவும் ஆசை. ஒரே துப்பாக்கி என்றால்?
– வாசகர், டொராண்டோ

இந்தியப் பதிலை அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு 12 போர் பம்ப்தான். கைத்துப்பாக்கி வாங்குவது 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது, அதை யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்புப் பயிற்சி முடித்து, துப்பாக்கி வாங்கி வைத்திருப்பதற்கான பி.ஏ.எல். உரிமம் எடுங்கள், வாத்துக்குத் தனியாக வேட்டை உரிமமும் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

பம்ப் சொல்வதற்குக் காரணம் குழலை மாற்றலாம் என்பது. வாத்துக்கு 28 அங்குலக் குழல், திருகி மாட்டும் சோக். கேபினுக்குக் குள்ளக் குழல், 28 கிராம் ஒற்றைக் குண்டுத் தோட்டா. ஒற்றைக் குண்டை ஃபுல் சோக் வழியாகச் சுடாதீர்கள், சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு போதும். வாத்துக்கு ஈய ரவை கூடாது, எஃகு ரவை வாங்குங்கள். எஃகு நசுங்காது, அதனால் இறுக்கமான பழைய சோக்கைப் பதம் பார்த்துவிடும். மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி குழாயில் அடைப்புக் கட்டை இருக்க வேண்டும். கரடிக்குப் பயந்து எடுத்துவிட்டு, வாத்துக்குப் போகும்போது மாட்ட மறப்பவர்கள் உண்டு. கேபினில் காலியாக்கி, விசைப் பூட்டுப் போட்டு, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். குப்பையையும் மீன் கழிவையும் வெளியே வைக்காமல் இருந்தால் கரடிக்குத் தோட்டாவே செலவாகாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வரும்போது கெட்டுப்போய் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சிவகங்கை

ஒப்படைப்பதைத் தவிர்க்க முடியாது. விலக்கு வேண்டுமானால் பரிசீலனைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதலாம். வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்றவர்களுக்குக் கிடைக்கும்.

கொடுப்பதற்கு முந்தின நாள் குழலுக்குள்ளும் வெளியிலும் வழக்கத்தைவிடக் கெட்டியாக கிரீஸ் பூசுங்கள். சீட்டில் துப்பாக்கியின் எண்ணோடு, கட்டையில் விரிசல் இல்லை, குழலில் துரு இல்லை என்றும் எழுதி வாங்குங்கள். செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். தோட்டாக்களின் எண்ணிக்கையும் சீட்டில் இருக்கட்டும்.

வாங்கி வந்த அன்றைக்கே கழற்றிப் பாருங்கள். இரண்டு மாதம் மூலையில் நின்ற குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இது அதிசயமே இல்லை. கிரீஸும் அப்படியே இருக்கும். அதை வழித்தெடுக்காமல் சுட்டால் அதுவும் ஓர் அடைப்புதான். தூசி போகாமல் இருக்கட்டும் என்று சிலர் குழல் வாயில் துணியைத் திணித்துக் கொடுக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் எடுக்க மறந்து முதல் தோட்டாவைப் போட்டால் குழல் வாய் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து நிற்கும்.